கல்பனாவின் ரத்தத்தில் நாற்பத்தொன்று

பாகூர்,
8.1.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி செல்லப்பன் அவர்களுக்கு,

நாகராஜன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டில் மணியம்மாள் அவர்களும், மாப்பிள்ளை புகழ்வேந்தனும், பேத்தி அருள்மொழியும் நலம் என்று நம்புகிறேன். போனில் நான் இழுத்து இழுத்துப் பேசுவது தங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க வாத்தியாரே, நீங்க ஒரு பேச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு மோட்டார் கரண்ட்டே போயிடுது" என்றீர்கள். நியாயம்தான். வேதியியல் பாடம் நடத்தும்போது கரும்பலகை முன்னால் வந்த பேச்சு எனக்கு வேறு எங்கும் வந்ததில்லை. எனவே எழுதுகிறேன்.

செல்வகுமாரியைப் பற்றி நல்ல செய்தி. அவளுக்கு வந்திருக்கும் எம்.எஸ். என்னும் நோயில், உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கிறது. உறை போனால் உள்ளே இருக்கும் நரம்பிழை சிதையும். சிதையும்போது அதிலுள்ள ஒரு புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்கும். நியூரோஃபிலமென்ட் என்பது அதன் பெயர். சிதைவு அதிகமானால் ரத்தத்தில் அதுவும் அதிகம். போன ஆகஸ்டில் தாங்கள் அவளை இங்கே கொண்டுவந்து விட்ட வாரத்தில் எடுத்தபோது முப்பத்தெட்டு. அவள் வயதில் பத்துக்குள் இருக்க வேண்டியது. மருந்து ஏற்றிய பிறகு இப்போது ஒன்பது. நோய் அடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

"நடக்கத் தெரியாதவ பாப்பாவத் தூக்கிக் கீழ போட்டுடுவா" என்று மணியம்மாள் அவர்கள் அன்று சொன்னதைக் குழந்தை மீதுள்ள அக்கறையாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது அவள் சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடக்கிறாள். பொங்கல் விடுமுறைக்காவது அருள்மொழியை அனுப்பி வைத்தால், தாய்க்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

எழுதியதில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள்
நாகராஜன்

---

மண்ணாடிப்பட்டு,
19.1.2025

சம்பந்தி,

கடிதம் வந்தது. பாதி புரிந்தது, பாதி பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருந்தது. மணியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "உறை போச்சாம், இழை போச்சாம், தலகாணியப் பத்தியா எழுதிருக்காரு?" என்றாள்.

ஆனால் ஒன்று எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆலையிலிருந்து ஃபீல்டுமேன் வருவான். கரும்பைக் குத்தி ஒரு சொட்டுச் சாறு எடுப்பான். கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பான். எண் சரியாக இருந்தால் வெட்டு உத்தரவு, இல்லையென்றால் காத்திரு. உங்கள் பரிசோதனையும் அதுதான். நீங்கள் நான்கு பக்கம் எழுதத் தேவையில்லை.

இப்படி ஒரு பரிசோதனை இருப்பது தெரிந்திருந்தால் கல்யாணத்துக்கு முன்னாலேயே பார்த்திருப்பேன். ஜாதகம் பார்த்து ஏமாந்தேன். போகட்டும்.

என் மகனுக்கு வயது முப்பத்துநாலு. அவன் காலத்துக்கும் ஒரு நோயாளிக்குக் காவல் இருக்க முடியாது. குழந்தைக்கும் ஒரு பெண் வேண்டும். யாரோ ஒருத்தி வந்தால் குழந்தையை என்ன செய்வாளோ. உங்கள் வீட்டில் இன்னொன்று இருக்கிறது. கல்பனாவுக்கு அந்த ரத்தத்தைப் பாருங்கள். எண் சிறியதாக இருந்தால் பங்குனியில் பூ வைக்க வருகிறோம். பெரியவள் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களோடு இருக்கட்டும். தங்கச்சி வீடு என்று வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

அதுவரை குழந்தை இங்கேதான் இருக்கும். பொங்கலுக்குப் புது கவுன் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது.

செல்லப்பன்

---

பாகூர்,
2.2.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

தபாலை வாங்கியது கல்பனா. எனக்கு முன்பே படித்துவிட்டாள். "இன்னாப்பா, என்னையும் ஒருவாட்டி புழிஞ்சு பாக்கணுமாமா அந்தாளு? வெட்டு உத்தரவு எப்போ தருவாராம்?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததை மரியாதைக் குறைவாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. திருபுவனையில் மாத்திரை கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். பேச்சு கொஞ்சம் அப்படி.

நான் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பரிசோதனை நோய் உள்ளவரின் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு. நன்றாக இருக்கும் பெண்ணுக்கு நோய் வருமா வராதா என்று பார்ப்பதற்கு அல்ல. அக்காவுக்கு வந்ததால் தங்கைக்கும் வந்தே தீரும் என்பதில்லை. வாய்ப்பு மிகக் குறைவு. குழந்தைக்கும் அப்படியே. மேலும், கல்பனாவுக்கு ஓர் இடம் பேசி முடியும் நிலையில் இருக்கிறது. அதே கம்பெனியில் வேலை செய்யும் குமரவேல் என்னும் பையன். தை கடைசியில் தட்டு மாற்றுவதாக இருக்கிறோம். ஆகவே தங்கள் யோசனை நடக்கக்கூடியது அல்ல என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் சொல்லவும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழந்தையை அனுப்ப முடியாதா? வீடியோவில் காட்டுவதையும் நிறுத்திவிட்டீர்கள். செல்வகுமாரிக்கு வலது கை விரல்கள் இன்னும் மரத்திருக்கின்றன. இடது கையால் சடை பின்னப் பழகுகிறாள், கல்பனாவின் தலையில். தினமும் கோணலாகத்தான் வருகிறது. அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுகிறாள்.

தங்கள்
நாகராஜன்

---

மண்ணாடிப்பட்டு,
27.2.2025

சம்பந்தி,

அக்காவும் தங்கச்சியும் சொல்லாமல் கொள்ளாமல் போன ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறி இங்கே வந்தது உங்களுக்குத் தெரிந்துதான் நடந்ததா? தெரியாது என்று எழுதுவீர்கள். உங்களுக்கு எப்போது என்ன தெரிந்திருக்கிறது?

நடந்ததை நானே எழுதுகிறேன். அவர்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

வாசலில் வந்து நின்று, "பாப்பாவக் கூப்புடுங்க அத்த, பாத்துட்டுப் போயிடுறேன்" என்றாள் உங்கள் மகள். மணியம்மாள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "உனக்குத்தான் நோவு அடங்கிப் போச்சுன்னு உங்கப்பா எழுதிக் குடுத்திருக்காரே. அப்போ தோ இருக்குது கொடம். கொழாயாண்ட இருந்து வூடு வரைக்கும் தூக்கினு வந்து வை. வச்சிட்டு புள்ளயத் தூக்கினு போ" என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கல்பனா, "வேணாங்க்கா, வாக்கா போலாம்" என்று இழுத்தாள். இவள் கேட்கவில்லை. தூக்கினாள். பாதி தூரம் வந்தாள். வந்துவிடுவாள் என்றுதான் நானே நினைத்தேன். காலை இழுத்தாள், விழுந்தாள். குடம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நனைந்த சேலையோடு சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை கைதட்டிச் சிரித்தது. விளையாட்டு காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டது. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். ஒன்பது என்று எழுதினீர்கள். அடங்கிவிட்டது என்று எழுதினீர்கள். அடங்கினவளால் ஒரு குடம் தூக்க முடியாதா? உங்கள் எண் பொய்யா, உங்கள் மகள் பொய்யா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

கல்பனாவுக்குத் தட்டு மாற்றினால் என்ன, கல்யாணமா முடிந்துவிட்டது? அவளை இங்கே அனுப்பினால் குழந்தைக்குச் சித்தியே தாய். இல்லை என்றால் வேறு பெண் பார்ப்போம். வருகிறவள் கையில் குழந்தை என்ன பாடுபட்டாலும் என்னைக் கேட்காதீர்கள். மாசி முடிவதற்குள் ரத்தத்தைப் பார்த்து எழுதவும்.

செல்லப்பன்

---

பாகூர்,
9.3.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கேள்விக்குப் பதில்: எண்ணும் பொய் இல்லை, மகளும் பொய் இல்லை. இன்றைக்குத் தீ எரிகிறதா என்பதை அந்தப் புரதம் சொல்லும். முன்பே எரிந்து போனதைச் சொல்லாது. ஆகஸ்டில் சிதைந்த நரம்பு சிதைந்ததுதான். புதிதாகச் சிதையவில்லை, அவ்வளவே. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். குழந்தையை அனுப்ப மாட்டீர்களோ என்ற பயத்தில் எழுதவில்லை.

தாங்கள் சொன்னபடி கல்பனாவின் ரத்தத்தைப் பரிசோதித்தாயிற்று. நாற்பத்தொன்று. அக்காவுக்கு ஆகஸ்டில் இருந்ததைவிட அதிகம். அவளுக்கு இன்னும் வெளியே எதுவும் தெரியவில்லை. சிலருக்கு நோய் வெளிப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பே இது ஏறிவிடும் என்று படித்திருக்கிறேன். அறிக்கை டாக்டரிடம் இருப்பதால் இத்துடன் வைக்கவில்லை.

ஆகவே கல்பனா தங்கள் வீட்டுக்கு ஏற்றவள் அல்ல. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கும் இப்படி என்றால், இது எங்கள் வீட்டு ரத்தத்தில் ஓடுவதாகத்தான் கொள்ள வேண்டியிருக்கிறது. அருள்மொழியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நாகராஜன்

---

மண்ணாடிப்பட்டு,
16.3.2025

நாகராஜன் வாத்தியாருக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ரஷீத் பாய் எங்கள் ஊர்க் கடைக்காரர். அவர் காரிலேயே குழந்தையை அனுப்பியிருக்கிறேன். ஆதார் அட்டை, ஊசி போட்ட அட்டை, துணி எல்லாம் ஒரு யூரியா பையில் இருக்கிறது. பொங்கல் கவுனும் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றிலிருந்து மணியம்மாள் குழந்தைக்குத் தட்டைத் தனியாக வைத்துவிட்டாள். தொற்று இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு பெண்ணின் மனது ஒப்பவில்லை என்றால் நான் என்ன செய்வது? ஒரு நாள் அது படியில் தடுக்கிவிட்டது. மணியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தோ, ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். கார் வாசலில் நிற்கிறது, புகழ்வேந்தன் இன்னும் வெளியே வரவில்லை.

சேர்ந்து சம்மதித்து விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். குழந்தை உங்களுக்கு. நிலத்தில் பங்கு என்று நாளை அது வந்து நிற்கக் கூடாது. வக்கீல் கூப்பிடும்போது பெரியவளை அழைத்துக்கொண்டு வரவும்.

இன்னொன்று. குமரவேலின் அப்பா எனக்குப் பழக்கம், கரும்பு லாரி ஓட்டியவர். ஒரு குடும்பம் ஏமாந்தது போதும், இன்னொன்றும் ஏமாற வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கையெழுத்தையே காட்டினேன். நீங்களே இதைச் செய்திருக்க வேண்டும். படித்தவர்.

செல்லப்பன்

---

பாகூர்,
23.11.2025

திரு. செல்லப்பன் அவர்களுக்கு,

வியாழக்கிழமை தீர்ப்பு வந்துவிட்டது. குழந்தை தாயிடம் என்று கோர்ட்டே எழுதிவிட்டதால் இப்போது இதை எழுதுகிறேன். இதற்கு முன் எழுதத் தைரியம் இல்லை.

கல்பனாவின் ரத்தம் மார்ச் மாதத்தில் எடுக்கப்படவே இல்லை. நாற்பத்தொன்று என்பது நானாக எழுதிய எண். முப்பத்தெட்டுக்கு மேலே இருக்க வேண்டும், நம்பும்படியும் இருக்க வேண்டும் என்று யோசித்து எழுதினேன்.

குடம் கவிழ்ந்த அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செல்வகுமாரி சேலையைக்கூட மாற்றாமல் கல்பனாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "நீ அங்க போயிடுடி. எங்கொழந்தைக்கு நீ இருந்தா போதும். நான் இன்னாத்துக்கு ஒதவுவேன்?" என்றாள். கல்பனா அவளைத் தூக்கிவிட முயன்றாள், முடியவில்லை. இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கல்பனா என்னைப் பார்த்து, "குமரவேலாண்ட நீ சொல்றியாப்பா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளிடம் பேசி நிறுத்த என்னால் முடியாது. நான் பேசி எதுவும் நின்றதில்லை. அதனால் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை.

மாற்றிய தட்டைக் குமரவேலின் தாயார் திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. "ஏம்பா, எனக்கே தெரியாம எனக்கு வியாதியா?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசுவதில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள்.

நான் குமரவேலின் வீட்டுக்கு மூன்று முறை போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்பா மரியாதையாகவே கேட்டார். "சார், பெத்த பொண்ணுக்கு வியாதின்னு எவனாவது பொய் எழுதுவானா? வியாதி இல்லன்னு வேணா எழுதுவான்" என்றார். ஜூனில் உண்மையிலேயே அவள் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தோம். ஏழு. அந்த அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினேன். "பெரியவளுக்கும் மருந்து ஏத்திட்டு ஒன்பதுன்னுதான காட்டுனீங்க?" என்றார். தாங்கள்தான் சொல்லியிருப்பீர்கள். அவர் சொன்னதில் ஒரு பிழையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேறு இடங்களும் விசாரிப்பதோடு நின்றுவிடுகின்றன. குமரவேலுக்கு இன்னும் எதுவும் முடியவில்லை என்று கேள்வி.

தாங்கள் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய், அது பொய், வாத்தியார் குழந்தைக்காக எழுதியது என்று சொன்னால் நம்புவார்கள். தங்களுக்கு அதனால் லாபம் இல்லை என்பதாலேயே நம்புவார்கள். இது என்னுடைய வேண்டுகோள். என்னைப் பொய்யன் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அருள்மொழி சௌக்கியம். வந்த புதிதில் தாயை "கொடத்தம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அம்மா என்றே கூப்பிடுகிறாள்.

நாகராஜன்

---

மண்ணாடிப்பட்டு,
1.12.2025

வாத்தியாரே,

நீங்கள் பொய் எழுதினீர்கள் என்று எனக்கு மார்ச் மாதமே தெரியும். ஒன்பது வந்தபோது நகல் வைத்து அனுப்பினீர்கள். நாற்பத்தொன்றுக்கு நகல் இல்லை. ஃபீல்டுமேன்கூடத் துண்டுச் சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவான். நான் மட்டும் என்ன, எழுதப் படிக்கத் தெரியாதவனா?

பிறகு ஏன் குழந்தையை அனுப்பினேன் என்று கேட்பீர்கள். நெட்டப்பாக்கம் பக்கம் கரியமாணிக்கத்தில் ஒரு பெண் பார்த்திருந்தோம். குழந்தை வேண்டாம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெற்ற பிள்ளையைத் துரத்தினான் என்று என் மகனை ஊர் பேசும். நீங்களே ஒரு காரணம் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பினீர்கள். தையில் கல்யாணம்.

குமரவேலின் அப்பாவிடம் ஏன் சொன்னேன் என்றும் கேட்பீர்கள். என் மகனுக்கு உங்கள் மகளைக் கேட்டேன், இல்லை என்றீர்கள். அதற்காகத்தான். மறைக்க என்ன இருக்கிறது?

இப்போது நான் போய் அது பொய் என்று சொன்னால், பொய் என்று தெரிந்தே சொன்னவன் ஆவேன். கரியமாணிக்கத்தார் காதுக்கும் போகும். நான் போக மாட்டேன். நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிற காகிதத்தை இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

மணியம்மாள் குழந்தையைக் கேட்டாள். நடை எப்படி இருக்கிறது? எப்போது அதற்கு ரத்தம் எடுக்கப் போகிறீர்கள்? எடுக்காமல் உங்களால் இருக்க முடியாது.

செல்லப்பன்

---

பாகூர்,
9.12.2025

திரு. செல்லப்பன் அவர்களுக்கு,

தாங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டியது இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் எனக்குப் பழக்கம் இல்லை.

ரத்தம் எடுக்கவில்லை. எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை.

இன்று காலை அருள்மொழி சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பல்பம் கையிலிருந்து நழுவியது. எடுத்தாள். மறுபடி நழுவியது. இந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் நழுவும், எத்தனையோ குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை நழுவுகிறதா என்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது செல்வகுமாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, சிலேட்டோடு குழந்தையை அப்படியே திருப்பி, எனக்கு முதுகு தெரியும்படி உட்கார வைத்தாள்.

நாகராஜன்